பை காக்க ஆள் வேண்டாத விளையாட்டு

எங்கள் வீட்டில் யார் கடலில் இறங்கினாலும், குளத்தில் குதித்தாலும், ஒருவர் மட்டும் நனையாமல் திரும்புவார். அது நான்தான். மடியில் எல்லோருடைய செல்போனும், காலடியில் செருப்புகள், தோளில் துண்டு, கையில் யாரோ பாதி கடித்துக் கொடுத்த சோளம். "நீ இங்கேயே இரும்மா, பையைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள். பதினைந்து வருடமாகப் பையைப் பார்த்திருக்கிறேன். இதுவரை ஒன்றும் திருடு போனதில்லை.

போன டிசம்பரில், அரையாண்டு விடுமுறையில், என் கணவர் ஒரு யோசனை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு மூலையில் செல்போனோடு கிடக்கிறோம், எல்லோருமாக வெளியில் போய் ஏதாவது ஒரு புது விளையாட்டைப் பழகினால் என்ன? உடனே ஆளுக்கொன்று சொன்னார்கள். பதினான்கு வயது மகளுக்கு அலைச்சறுக்கு. கணவருக்குச் சைக்கிள். ஒன்பது வயது மகனுக்கு மலையேறிக் கூடாரம் போட்டு மேகி சாப்பிட வேண்டும். மலையேற்றம் அவன் கணக்கில் மேகிக்கு முந்தைய சடங்கு. "நான் வீட்டப் பாத்துக்கிடுதேன், நீங்க போயிட்டு வாங்க" என்றார் அத்தை. நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: பையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்படுகிற விளையாட்டு எதுவும் வேண்டாம்.

சிரித்தார்கள். ஆனால் நாலு மாதம் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: செலவு, தூரம், ஆபத்து என்று எத்தனை அளவுகோல் வைத்தாலும், குடும்பத்துக்கு இந்தப் பை நிபந்தனையைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. எனக்கு 41 வயது. நீச்சல் தெரியாது, சைக்கிளும் தெரியாது. கணவருக்கு 45, தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவர். மகள் நீச்சல் குளத்தின் அகலத்தைக் கடந்துவிடுவாள். மகன் இடுப்பளவு தண்ணீரில் வீரன். அத்தைக்கு 67. வீடு சென்னையின் தெற்கே, தாம்பரத்துக்குப் பக்கத்துச் சேலையூரில். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நாலு பேருக்கும் ஒன்றாக ஓய்வு, அதிலும் காலை ஒன்பது மணி வரைதான். அதற்கு மேல் சென்னை வெயிலில் விளையாடுவது விளையாட்டில்லை, நேர்த்திக்கடன்.

மகளின் விருப்பத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அவள்தான் அதிகம் வாதாடினாள். வாதத்தில் நியாயமும் இருந்தது. உலகத்தில் பலர் விமானம் ஏறிப்போய்க் கற்றுக்கொள்ளும் ஒரு விளையாட்டு நமக்கு ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் கோவளம். அங்கே மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தானாகவே அலைமேல் நிற்கப் பழகி, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அது ஒரு பள்ளியாகவே வளர்ந்தது. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் மாமல்லபுரம். 2023இல் உலக அலைச்சறுக்கு லீகின் தகுதிச்சுற்றுப் போட்டி அங்கேதான் நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியும் அங்கேயே. இந்தியாவின் ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலம் வாங்கினார். மாமல்லபுரத்துப் பெண் கமலி மூர்த்தி ஸ்கேட்டிங் பலகையிலும் அலைப் பலகையிலும் போகும் வீடியோக்களை மகள் எத்தனை முறை பார்த்தாள் என்று எண்ணவில்லை. "அந்தக்கா நம்ம ஊரும்மா" என்பாள். நம்ம ஊர் இல்லை, நம்ம கடல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு போனோம். முதல் அரைமணி நேரம் மணலிலேயே போனது. பலகைமேல் குப்புறப் படுக்க வேண்டும், இரண்டு கையையும் மார்புக்குப் பக்கத்தில் ஊன்ற வேண்டும், ஒரே துள்ளலில் எழுந்து முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். மணலில் பத்துக்கு ஏழு முறை எழுந்தேன். மனசுக்குள் ஒரு கர்வம் வந்தது. தண்ணீரில் அது ஒரே அலையோடு கரைந்தது.

புதிதாகக் கற்பவர்களை ஆழத்துக்கு அழைத்துப் போவதில்லை. அலை உடைந்து வெள்ளை நுரையாக உருண்டு வரும் இடுப்பளவு தண்ணீரில்தான் பாடம். பலகை எட்டடி, ஒன்பதடி நீளம். மேற்புறம் மெத்தென்று இருக்கும். ஒரு பட்டை பலகையையும் நம் கணுக்காலையும் கட்டியிருக்கும். பயிற்சியாளர் அலை வரும் நேரம் பார்த்துப் பின்னாலிருந்து தள்ளிவிடுவார், நாம் எழ வேண்டும். பெரும்பாலும் விழுவோம். விழும்போது தலைகுப்புறப் பாயாமல் தட்டையாக விழ வேண்டும். மேலே வரும்போது கையால் தலையை மூடிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் புதியவர்களை அடிப்பது பெரும்பாலும் அவரவர் பலகைதான். நமக்கும் வருகிற அலைக்கும் நடுவில் பலகையை வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. எனக்குக் கற்றுக்கொடுத்த தம்பிக்கு இருபது வயதுதான் இருக்கும், ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. "அக்கா, கடலுக்கு முதுகு காட்டாதீங்க. என்ன பேசுறதா இருந்தாலும் அதப் பாத்துக்கிட்டே பேசுங்க."

மகள் நாற்பது நிமிடம் கழித்து எழுந்து நின்றாள். மூன்று விநாடி இருக்கும். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கொண்டுவருமா என்பது சந்தேகம். அந்த மூன்று விநாடிக்காக இந்த விளையாட்டுக்கு முழு மதிப்பெண் தரலாம்.

ஆனால் மகனை முழங்கால் அளவுக்கு மேல் விடவில்லை. அது சரிதான். அவனுக்கு அரை மணியில் குளிரெடுத்து உதடு நீலமாகிவிட்டது. யாராவது அவனோடு கரையேற வேண்டும். நீச்சல் தெரியாததால் ஏற்கெனவே பாதி உயிர் போயிருந்த நான் ஏறினேன். துண்டால் அவனைப் போர்த்தி உட்கார வைத்தேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் பை இருக்கிறது.

கடலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் குளிக்கப் போய் இழுபட்டவர்களின் செய்தி வராத ஆண்டில்லை. கரைக்கு வந்த அலைநீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு நடுவே பள்ளமான ஓர் இடம் கிடைத்தால் எல்லா நீரும் அதன் வழியாக ஆறு மாதிரி கடலுக்குள் ஓடும். அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது. அதனால் பார்க்க அமைதியாக இருக்கும், நாமும் "இங்கே அலை கம்மி" என்று சரியாக அங்கேயே குழந்தையை இறக்குவோம். அந்த இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, பக்கவாட்டில், கரைக்கு இணையாக நகர்ந்து வெளியே வர வேண்டும். இதை நான் 41 வயதில், அதுவும் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். கடற்கரை நகரத்தில் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்திருக்கலாம்.

பருவமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைக் கடலைப் பார்த்தால் மீனவர்களே படகைக் கரையேற்றுகிறார்கள். வைகாசி முதல் ஆவணி வரை அலை பெரிது. காலையில் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் அலை சுத்தமாக எழும், கடற்காற்று திரும்பியதும் கலைந்துவிடும். புதியவர்களுக்கு மாசி, பங்குனிக் காலைகள் இதமானவை. செலவு? நாலு பேருக்கு ஒரு காலைப்பொழுது, பெட்ரோல், பொங்கல் வடை எல்லாம் சேர்த்து ஐந்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. வாரா வாரம் முடியாது. பெண்களுக்கு ஒரு குறிப்பு: நனைந்த சுடிதார் ஒரு மூட்டை நெல் கனக்கும். இறுக்கமான முழுக்கை பனியனும் லெகிங்ஸும் போதும். கோவளம் 2021இல் நீலக்கொடி என்ற பன்னாட்டுத் தரச்சான்று வாங்கிய கடற்கரை, உடை மாற்ற அறை இருக்கிறது. இப்படி ஓர் அறை இல்லாததாலேயே எத்தனை அம்மாக்கள் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும்.

அடுத்து சைக்கிள். இதில் என் கணவர் நடுநிலை தவறியவர் என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன். மணிக்கு ஒரு ரூபாய் வாடகைச் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவர். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள் ஆலையின் பிஎஸ்ஏ எஸ்எல்ஆர்தான் உலகத்தின் கடைசி நல்ல சைக்கிள் என்று நம்புகிறவர். என் கதை வேறு. எங்கள் வீட்டில் அண்ணனுக்குச் சைக்கிள் வந்தது, எனக்குப் பஸ் பாஸ் வந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் குடத்தையும் குழந்தையையும் கட்டிக்கொண்டு ஓட்டிப் போனார்கள். அதே சமயம் பக்கத்துத் திருச்சியில் நான் இரண்டாம் வகுப்பு. அந்தக் காற்று எங்கள் தெருவரைக்கும் வீசவில்லை.

வயது வந்தவர்கள் கற்க ஒரு நல்ல வழி இருக்கிறது. பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். இரண்டு காலும் முழுதாகத் தரையில் பதியும் அளவுக்குச் சீட்டை இறக்குங்கள். காலால் தள்ளித் தள்ளிப் போக வேண்டும், அவ்வளவுதான். சமநிலை உடம்புக்குப் பிடிபட்டபிறகு பெடலை மாட்டினால் போதும். எனக்கு அடுக்குமாடியின் வண்டி நிறுத்துமிடத்தில் மூன்று காலைகள் பிடித்தன. பெடலைக் கழற்ற என் கணவருக்கு அதைவிட அதிக நேரம் பிடித்ததுபோல இருந்தது. இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழாக இருக்கும், அதை வலப்பக்கமாகத் திருகினால்தான் கழலும். எஸ்எல்ஆர் நிபுணருக்கு இது தெரியாது. அரை மணி நேரம் அதை இறுக்கிக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரியில் புதுச்சேரி போய் வாடகைக்கு நாலு சைக்கிள் எடுத்தோம். வெள்ளைக்காரத் தெருக்கள் சமதளம், காலையில் கூட்டமும் இல்லை. நானும் ஓட்டினேன். வளைவில் மட்டும் இறங்கித் தள்ளினேன். புது விளையாட்டைச் சோதித்துப் பார்க்க இதுதான் மலிவான வழி: வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுங்கள். வாங்கப் போனால் ஒன்பது வயதுக்காரனுக்கு 20 அங்குலச் சக்கரமா 24 அங்குலமா என்று கடையில் ஒரு பட்டிமன்றம் நடக்கும். இரண்டு வருடத்தில் அதுவும் சிறிதாகிப்போகும். நாலு சைக்கிளுக்கும் நாலு ஹெல்மெட்டுக்கும் முப்பதாயிரத்துக்குக் குறையாது என்று எங்களுக்குக் கணக்கு வந்தது.

பை? கேரியரில் கட்டிக்கொண்டு போகலாம். என் நிபந்தனையில் சைக்கிள் தேறிவிட்டது. தோற்றது வேறு இடத்தில். சேலையூரைச் சுற்றி நாலு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் போக எந்தச் சாலை இருக்கிறது? வேளச்சேரி சாலையில் தண்ணீர் லாரி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறில் பறக்கும் கார்கள், தெருவுக்குள் நாய்கள். அவர் முன்னால், பிள்ளைகள் நடுவில், நான் கடைசியில். ஒரு மணி நேரம் ஓட்டினோம். பேசிய ஒரே வார்த்தை "லாரி!" ஏரிக்கரையோ கிராமத்துச் சாலையோ பக்கத்தில் உள்ளவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டுச் சைக்கிள் கடைக்கே போகலாம்.

மலையேற்றத்தில் எனக்கு முதலில் பயம்தான் இருந்தது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்ததை யார் மறப்பார்கள்? அதன்பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். கோடையில் தீ அபாயம் உள்ள வாரங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். சிறுபிள்ளைகளை எந்தப் பாதையில் அனுமதிப்பார்கள் என்பதை மட்டும் பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைக்குப் போனோம். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், பூண்டி ஏரியைத் தாண்டி. மலை என்று பெரிதாக ஒன்றுமில்லை; முட்புதர்க் காடு, காலில் உருளும் கூழாங்கற்கள், கடைசியில் கூழாங்கல் பதிந்த பெரிய பாறைக் கூரை. அதன் அடியில் கற்கால மனிதர்கள் தங்கியிருக்கிறார்கள். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் முதல் கற்கோடரியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில், எங்கள் தாம்பரத்திலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். அதே ஆண்டு குடியத்துக்குப் பக்கத்திலுள்ள அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவை 15 லட்சம் ஆண்டு பழையவை என்று பிற்கால ஆய்வு சொல்கிறது. இதையெல்லாம் வழிகாட்டித் தம்பி சொல்லச் சொல்ல, மகன் ஒரு கல்லைக் கையில் எடுத்து விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தான். சட்டைப்பையில் போடப் போனபோது, "அங்கயே வச்சிடு தம்பி" என்றார் அவர். மேகியும் கிடையாது, காட்டுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. அத்தை கட்டிக்கொடுத்த புளியோதரை இருந்தது.

பை விஷயத்தில் மலையேற்றம்தான் முதல் பரிசு. அவரவர் தண்ணீர், அவரவர் சோறு, அவரவர் முதுகில். இன்னொன்றும் உண்டு: கூட்டத்தில் மெதுவாக நடக்கிறவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். அன்று அது நான், எனக்காக நின்றார்கள். பேசிக்கொண்டே நடந்தோம். நாலு மாதத்தில் நாங்கள் அதிகம் பேசிய நாள் அதுதான். ஆனால் இதை வாராவாரம் செய்ய முடியாது. வருடத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. நடுவில் பரங்கிமலைப் படிகளையும் திருநீர்மலையையும் ஏறி இறங்கலாம் என்றேன். படி ஏறுவது மலையேற்றமில்லை என்கிறார் கணவர். மூட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

துடுப்புப் படகை வேகமாகக் கடந்துவிடுகிறேன். முட்டுக்காடு உப்பங்கழியில் இரண்டு பேர் உட்காரும் கயாக் படகில் ஏறினோம். உயிர்காப்புச் சட்டை போட்டிருந்ததால் நீச்சல் தெரியாத எனக்குக்கூடப் பயம் குறைவு. தண்ணீர் அசையாமல் கிடக்கும், அழகான காலை. ஆனால் கணவனும் மனைவியும் ஒரே கயாக்கில் ஏறக் கூடாது. "இடது பக்கம்" என்றால் யாருடைய இடது என்பதில் தொடங்கி, போன வருடத்துச் சம்பந்தி வீட்டு விசேஷம் வரைக்கும் போய்விட்டது பேச்சு. நாங்கள் மூன்று சுற்றுச் சுற்றி ஒரு படித்துறைக் கல்லில் முட்டி நின்றோம். பிச்சாவரத்துக்குப் போக வேண்டும், அது வேறு கதை. சுரபுன்னைக் காடும், சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த மரமும் அங்கே இருக்கின்றன. தில்லைப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் கிளையை ஒடிக்க விடமாட்டார்கள். ஆனால் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து போவதற்குப் பெயர் சுற்றுலா.

கடைசியாகச் சொல்லப் போவது யாருடைய பட்டியலிலும் இல்லாதது. பிப்ரவரிக் கடைசியில் ஒரு நாள் எங்கள் பகுதிப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தோம். ஓர் ஓரத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் சிலம்பம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கம்பு காற்றைக் கிழிக்கும் அந்தச் சத்தம் கேட்டு மகன் நின்றவன் நகரவில்லை. வாத்தியார் பார்த்தார். "தம்பி மட்டுமா, எல்லாருமா?" என்று கேட்டார். எல்லோரும் என்று என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

சிலம்பம் என்றால் முதல் நாளே கம்பால் மோதிக்கொள்வது என்று நினைத்திருந்தேன். முதல் மாதம் யாரையும் தொடவே விடவில்லை. முதலில் நிலை, பிறகு காலடி. கால் எங்கே போகிறதோ கம்பு அதன் பின்னால் வரும் என்பார் வாத்தியார். அப்புறம்தான் ஒரு கைச் சுற்று, இரண்டு கை வீச்சு. கம்பு அவரவர் நெற்றி உயரம். புதியவர்களுக்கு மூங்கில் வேண்டாம், கனம் குறைந்த பிரம்பு போதும். ஒரு கம்பு சில நூறு ரூபாய். நாலு பேருக்கும் சேர்த்து வாத்தியாருக்குக் கொடுக்கும் ஒரு மாதக் கட்டணம், கோவளத்தில் ஒரு காலை செலவானதில் பாதிகூட இல்லை. அடி படுமா என்றால், படும். விரல் மொளி, கணுக்கால், சொந்த மண்டை. எல்லாம் அவரவர் கம்பால்தான். ஒரு தடவை மகன் வீட்டுக்குள் "இடம் இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே சுற்றியதில் கூடத்து டியூப்லைட் போனது. ஆகவே இது வெளி விளையாட்டேதான், சந்தேகமில்லை.

எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. அலையில் மகள் முந்தினாள், சைக்கிளில் கணவர் குருநாதர், மலையில் நான் பாரம். இங்கே நாலு பேரும் பூஜ்யத்தில் தொடங்கினோம். நாலு பேரில் மோசமானவர் என் கணவர். பத்து வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த தோள்பட்டை திரும்ப மறுக்கிறது. மகன் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறான். "அப்பா, மணிக்கட்டுப்பா, தோள் இல்ல." பையைப் புங்கமரத்தடியில் வைத்துவிடுவோம். பத்தடி தள்ளித்தான் சுற்றுகிறோம், எல்லோருடைய கண்ணிலும் படும்.

இரண்டாவது வாரம் அத்தையும் வந்தார், பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க. திருநெல்வேலிப் பக்கம் அவர் ஊரில் கோயில் கொடைக்குக் கம்பு சுற்றுவார்களாம். அவருடைய அப்பாவும் அண்ணன்மாரும் ஆடியிருக்கிறார்கள். "பொம்பளப் பிள்ளையளத் தொட விடமாட்டாவ. நான் வாசல்ல நின்னு பாப்பேன்." பார்த்தே கற்றிருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. மகள் வணக்கம் போடும் வரிசையில் காலை மாற்றி வைத்ததும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "ஏட்டி, வலக்கால முன்ன வச்சுக் குனி." வாத்தியார் தன் கம்பை அவரிடம் நீட்டினார். அத்தை அதைச் சுற்றவில்லை, ஊன்றிக்கொண்டு நின்று காலடியை மட்டும் போட்டுக் காட்டினார். அந்த நேரத்தில் பையை யாருமே பார்க்கவில்லை. காக்காய் பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பதினைந்து வருடத்தில் முதல் திருட்டு.

குறைகளும் உண்டு. ஒரே சுற்றை இருநூறு தடவை சுற்றச் சொல்வார்கள், அது பதினான்கு வயதுக்குச் சலிக்கும். "இதுல அலை எங்கம்மா?" என்று மகள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது, தமிழக அரசு வேலைகளின் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அது சேர்ந்துவிட்டது என்றேன். "நான் என்ன வேலைக்கா கேட்டேன்?" என்றாள். அதுவும் சரிதான். தவிர, பெரியவர்களையும் பெண்களையும் கூச்சமில்லாமல் சேர்த்துக்கொள்ளும் வாத்தியார் எல்லாத் தெருவிலும் கிடைக்கமாட்டார். நாங்கள் முன்பு விசாரித்த ஒரு வகுப்பில், "பிள்ளைங்கள விட்டுட்டு நீங்க அங்க உக்காருங்கம்மா" என்றார்கள். எங்கே உட்கார வேண்டும் என்று கையும் காட்டினார்கள். பெஞ்சுதான்.

ஆக, எங்கள் தீர்ப்பு இப்படிப் போனது. ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சிலம்பம். தையிலும் ஆடியிலும் ஒரு மலை. சைக்கிள் எனக்கு மட்டும் ஒன்று, பழையது, வாங்கியாகிவிட்டது, காய்கறிக்கடைக்குப் போய்வர. இதைக் குடும்பச் செலவில் எழுதக் கூடாது என்று கணவர் சொல்கிறார், எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நீந்தத் தெரியும், பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டிவிட்டார்கள் என்றால் நான் யோசிக்காமல் கோவளத்தைத்தான் சொல்வேன். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இதில் எதுவும் இப்போதைக்குச் சரிவராது, பூங்காவில் நடங்கள். மூட்டு வலிக்காரர்கள் உயிர்காப்புச் சட்டையோடு துடுப்புப் போடலாம். தம்பதியாக வேண்டாம், அவ்வளவுதான்.

மகள் தீர்ப்பை ஏற்கவில்லை. மேல்முறையீடு செய்தாள். அவளுடைய மூன்று விநாடியை நானும் பார்த்தேன் அல்லவா, தள்ளுபடி செய்ய மனசு வரவில்லை. அடுத்த மாசிக்குள் நாலு பேருக்கும் நீச்சல் வந்துவிட்டால் மறுபடி கோவளம் என்று பேசி முடித்திருக்கிறோம். கணவருக்கு விதிவிலக்கு, ஆனால் மகனுக்குத் துணையாக அவரும் குளத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். கோடை வகுப்பில் பெண்களுக்குக் காலை ஐந்தரை மணி, நாளைக்கு முதல் நாள். எனக்கும் மகளுக்கும் நீச்சல் உடுப்பு வாங்கியாகிவிட்டது. அப்போ பையை யார் பார்த்துப்பா என்று மகன் கேட்டான். லாக்கர் இருக்கிறதாம், பூட்டு மட்டும் நாம் கொண்டுபோக வேண்டுமாம்.